சாயப்பட்டறையின் பத்து மணிப் பால்

எங்கள் சாயப்பட்டறையில் காலை பத்து மணிக்கு ஆளுக்கொரு டம்ளர் பால் உண்டு. பிளீச்சிங் நெடியும் சாய நெடியும் நெஞ்சுக்குள் போய்விடும், பால்தான் அதை முறிக்கும் என்பது எண்பதுகளில் திருப்பூர்ப் பக்கம் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. கல்யாணமாகி வந்த வருடமே அந்த வேலை என் தலையில் விழுந்தது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் இரண்டு எருமைகள். தண்ணீர்ப் பாலைக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. சுண்டக் காய்ச்சி, நுரை ததும்ப நானே ஆற்றிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மாஸ்டருக்கு மட்டும் டம்ளர் பெரியது. சாயம் கலக்குகிறவர் அவர். நெடிக்கு மிக அருகில் நிற்பவரும் அவர்தானே. ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, அதிர்ந்து பேசாத மனிதர். எங்களிடம் வரும்வரை பால் கலக்காத வரக்காப்பி மட்டுமே குடித்துப் பழகியவர். வந்து சில மாதங்களிலேயே வயிற்றுக் கோளாறு ஆரம்பித்துவிட்டது. மதியத்துக்குள் வயிறு உப்பிக் கடமுடவென்று உருளும். பிறகு கக்கூசுக்கு ஓட்டம். பயந்துபோய்ச் சோற்றைப் பாதியாகக் குறைத்தார். ஆள் இளைத்துக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மட்டும் ஒன்றும் இல்லை. அப்புறம் என்ன, சாய நெடிதான் குடலை அரிக்கிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டோம். நான் என் பங்குக்குச் சாயங்காலமும் ஒரு டம்ளர் பால் கொடுக்க ஆரம்பித்தேன்.

நோன்பு மாதத்தில் அவருக்குப் பால் கொண்டு போகவில்லை. அந்த மாதம் முழுக்கச் சாயத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தும் அவர் வயிறு சாதுவாக இருந்தது. "நோன்பு வெச்சா குடலுக்கும் லீவுங்க" என்று அவரே சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

பெருநாள் முடிந்ததும் கோளாறு மறுபடி தொடங்கியது. பத்து நாள்கூட ஆகவில்லை, மாஸ்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நான் வேலைய உட்டுட்டு ஊருக்கே போயிர்றனுங்க. என்னப் பெத்த அத்தாவும் வயித்து நோவுலதான் போய்ச் சேர்ந்தாரு. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க."

எங்கள் தொழில் ஒரு மனிதரைத் தின்றுவிட்டது என்றே நம்பினேன். போவதென்றாலும் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகட்டும் என்று நானும் எங்கள் வீட்டுக்காரரும் அவரை வற்புறுத்தி அழைத்துப் போனோம்.

டாக்டர் வயதான அம்மாள், சிடுசிடுப்புக்காரர். எதை, எப்போது சாப்பிடுகிறார் என்று குடைந்து குடைந்து கேட்டார். நோன்பு மாதக் கதையைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"அந்த மாசம் வேலைக்குப் போனீங்களா?"

"ஒரு நாள் தவறலீங்க."

"அப்ப நெடி இருந்துச்சு. எது இல்லை?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்: "பாலுங்க."

பிறகு அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். பாலில் உள்ளது, இரண்டு சர்க்கரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சர்க்கரை. அதைச் சிறுகுடல் அப்படியே உறிஞ்சாது. குடலின் உட்சுவரில் இருக்கும் ஒரு நொதி அதை இரண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் இரத்தத்தில் சேரும். கைக்குழந்தைக்கு அந்த நொதி ஏராளமாக இருக்கும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். வெட்டுப்படாத சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். "இது உயிர் போற வியாதி இல்லை. பத்து நாள் பாலை நிறுத்திட்டு வாங்க" என்றார்.

"அப்ப வெளுக்காத துணி மாதிரிங்க. சாயம் புடிக்காம தண்ணியோட போயிருது" என்றார் மாஸ்டர். டாக்டரம்மாள் அப்போதுதான் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் எருமைப் பாலையா குறை சொல்கிறாள் என்று உள்ளுக்குள் பொங்கிக்கொண்டிருந்தேன். இன்று எனக்கே பால் சேருவதில்லை என்பது வேறு விஷயம்.

பத்து நாளில் வயிறு அடங்கிவிட்டது. பதினோராம் நாள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மாஸ்டர் மூன்றாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சமையலறைக்குள் போய் நன்றாக அழுதேன். அப்பாடா என்று இருந்தது. ஒரு வருடமாக நெஞ்சை அழுத்திய பாரம் அது. நெடிக்குப் பால் மருந்தே இல்லை, முதலில் காற்று வர வழி பண்ணுங்கள் என்றும் டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் சுவரை உடைத்து இரண்டு பெரிய ஜன்னல்கள் வைத்தார். பாலை ஊற்றியே கடமை முடிந்தது என்று அத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஊருக்குப் போகும் பேச்சை மாஸ்டர் அதன்பின் எடுக்கவில்லை. ஒரு நாள் மனசு கேட்காமல் அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், பால் குடிச்சாத்தான் வயிறு கெடுதுன்னு உங்களுக்கு ஒரு நாளும் தோணலீங்களா?"

"தோணுச்சுங்க அக்கா."

"அப்புறம் ஏனுங்க குடிச்சீங்க?"

அவர் கைச்சாயத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வேண்டாம்னு சொன்னா, மதம் வேறங்கறதால உங்க ஊட்டுப் பாலை நான் தொடமாட்டேங்கறேன்னு நெனச்சுக்குவீங்களோன்னு பயமுங்க."

சாகப் போகிறோம் என்று நம்பி ஊருக்குக் கிளம்பிய மனிதர், பால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாமலே போயிருப்பார்.