ஜன்னலுக்குள் குடியிருந்த விருந்தாளி

போன வாரம் மட்டும் சிரம்பானிலிருந்து லுக்குட் பக்கம் மூன்று முறை மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். மூன்று முறையும் மழை. மூன்று முறையும் ஒரே தோட்டம், ஒரே கம்ப்யூட்டர், ஒரே புகார்!

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். இதுவரை உங்கள் முன்னால் கெட்டிக்காரனாகவே வந்து நின்றிருக்கிறேன். இந்த வாரம் அந்த வேஷம் செல்லாது...

லுக்குட்டைத் தாண்டி உள்ளே போனால் ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். பழக்குலை ஏற்றிய லோரிகள் வெளியே போகுமுன் வாசலில் உள்ள தராசு மேடையில் ஏறி நிற்க வேண்டும். பக்கத்துக் கொட்டகையில் கமலாக்கா. எடையைப் பார்த்து, சீட்டு அச்சடித்து, டிரைவர் கையில் கொடுப்பார். இருபது வயதில் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்க வந்தவர். குனிந்து குனிந்து இடுப்பு போன பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் பழைய கிராணி ஒருவர் இந்த நாற்காலியில் உட்கார வைத்தாராம். பதினொரு வருஷமாக அந்த நாற்காலிதான் அவருக்கு உலகம்.

இடி விழுந்து கொட்டகையின் பழைய கம்ப்யூட்டர் கருகிப்போனது. புதியது வாங்கினார்கள். நான்தான் பொருத்தினேன். ஜன்னல் ஜன்னலாகத் திறக்குமே, அந்த ரகம். ஆனால் எடை போடும் புரோகிராம் பழசு. அதற்குப் புது வீடு ஒத்துக்கொள்ளாது. என்ன செய்வது?

புதுக் கம்ப்யூட்டரிடம் ஒரு வித்தை இருக்கிறது. தன் ஜன்னல் ஒன்றுக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும். பழைய புரோகிராம் அதற்குள் வந்து தங்கிக்கொள்ளும் — தான் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு! வெளியே இருப்பவர் வீட்டுக்காரர். உள்ளே இருப்பவர் விருந்தாளி.

தராசிலிருந்து வரும் கேபிள், கம்ப்யூட்டருக்குப் பின்னால் சீரியல் போர்ட் என்ற இடத்தில் சொருகியிருக்கும். எடை எண்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். ஆனால் அந்த போர்ட் வீட்டுக்காரர் வசம். விருந்தாளிக்குக் கிடைப்பது போர்ட் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாசலில் வாங்கி உள்ளே நீட்டினால் விருந்தாளிக்குச் சாப்பாடு. நீட்டாவிட்டால்?

அதுதான் நடந்தது.

"தம்பி, டப்பாவுல ஒரு நம்பர் காட்டுது, கொம்புட்டர்ல அதுல பாதிதான் வருது லா. நான் ஒண்ணுமே பண்ணல தம்பி, சாமி சத்தியமா!" போனில் கமலாக்கா. டப்பா என்று அவர் சொன்னது தராசின் எண் தெரியும் பெட்டியை.

திங்கட்கிழமை போனேன். பக்கத்தில் உட்கார்ந்து நான்கு லோரி பார்த்தேன். நான்கும் சரி! கேபிளை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினேன். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி போன். புதன்கிழமை போனேன். ஆறு லோரி. ஆறும் சரி. நான் இருந்தால் ஒழுங்காக நடக்கிறது, நான் தலை மறைந்ததும் கெட்டுப்போகிறது. பேய் பிடித்த கம்ப்யூட்டரா என்ன?

அன்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பொறுமை தீர்ந்திருந்தது.

"தம்பி, நீங்க இருந்தா ஓடுது. அந்தம்மா மட்டும் இருந்தா ரோசாக் ஆகுது. அப்ப கோளாறு எதுல? புது மெஷினு அவங்களுக்குப் புடிக்கலன்னு எனக்குத் தோணுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் லோரியெல்லாம் நேரா மில்லுக்குப் போய் எடை போட்டுக்கட்டும். கொட்டகையை மூடிர்றேன்."

"அப்ப கமலாக்கா?"

"காட்டுல ஆள் பத்தல. வேலைக்கு ஆள் பிரிக்குற மண்டோர்கிட்ட சொல்லியாச்சு."

அந்த இடுப்போடு மறுபடி உதிரிப் பழம் பொறுக்கவா! கொட்டகைக்குத் திரும்பினால் கமலாக்கா என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிட்டார். மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, நான் போனப்புறம் வேற எதையாச்சும் தொட்டீங்களா?"

"இல்லையே தம்பி. ஒண்ணும் தொடலையே."

வேலை போய்விடுமோ என்று பயந்து கிடக்கிறவரிடம் 'என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? கேட்கத் தெரியாமல் கேட்டது என் தப்பு. அன்றும் மறுநாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்தேன். போர்ட்டின் வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். கோயில் சுற்றுகிற மாதிரி கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வழக்கம்போல எல்லாம் சரியாகவே ஓடியது. பன்னிரண்டு மணிக்குக் கையை விரித்துக்கொண்டு, மேனேஜரிடம் இன்னும் ஒரு வாரம் கெஞ்சிக் கேட்கலாம் என்று வெளியே வந்தேன்.

பாதி வழியில் தூறல். மழைக்கோட்டைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டேன்! திரும்பி ஓடினேன். ஒரு லோரி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் ஏறியாயிற்று, பின் சக்கரம் இன்னும் தரையில். கம்பி வலை வழியாக உள்ளே பார்த்தேன்.

திரை முழுக்க முருகன்.

கமலாக்கா கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. லோரி ஏறி முடித்து ஹாரன் அடித்தது. முருகனை மூடினார், அவசரமாகச் சீட்டை அச்சடித்தார். எட்டிப் பார்த்தேன் — பாதி எடை!

ஐயோ... அந்த முருகனை உள்ளே வைத்தவனே நான்தான். புது மெஷின், நல்ல காரியமாக ஆரம்பிக்கட்டும் என்று காலண்டர் படத்தை ஸ்கேன் செய்து போட்டுக் கொடுத்தேன். "பயம் வந்தா இதைத் தொறந்து பாத்துக்குங்கக்கா" என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லியும் வைத்தேன்.

அந்தப் பழைய புரோகிராமுக்கு ஒரு செட்டிங் உண்டு. வேறு ஜன்னல் முன்னால் வந்தால் விருந்தாளியைத் தூங்க வைத்துவிடும். நான் எடுத்துவிட்டிருக்க வேண்டிய டிக் அது. எடுக்கவில்லை. முருகன் முன்னால் வந்ததும் விருந்தாளி தூங்கிவிடுவார். லோரி ஏற ஏற வந்த எண்கள் வீட்டுக்காரரிடம் தேங்கிக் கிடக்கும். விழித்ததும் முதலில் கைக்கு வருவது பழைய எண் — முன் சக்கரம் மட்டும் ஏறியபோது இருந்த எடை!

"நம்பர் தப்பா வர வர இன்னும் ஜாஸ்தியா வேண்டிக்கிட்டேன் தம்பி" என்றார் கமலாக்கா அழுகையோடு. "நீங்க பக்கத்துல இருந்தா பயமில்ல. அதான் தொறக்க மாட்டேன். சொன்னா சிரிப்பீங்கன்னு..."

சிரிப்பா? எனக்கு அழுகைதான் வந்தது.

டிக்கை எடுத்தேன். மேனேஜரிடம் ஓடினேன். கேபிள் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கொட்டகையில் பார்த்த கமலாக்காவின் அழுத முகம் ஞாபகம் வர, என் தப்பு, அந்தம்மா மேல் ஒன்றும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் குடையை எடுத்தார். "ஒரு லோரி. என் கண்ணு முன்னாலயே."

லோரி வந்தது. கமலாக்காவின் கை மவுஸில் இருந்தது. முருகன் பக்கம் போகாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றது.

"தொறங்கக்கா" என்றேன். டிக் எடுத்தால் சரியாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் திங்கட்கிழமையும் எனக்கு எல்லாம் தெரிந்துதானே இருந்தது?

திறந்தார். திரை முழுக்க முருகன். கமலாக்கா கும்பிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். முன் சக்கரம்... பின் சக்கரம்... ஹாரன். முருகனை மூடினார்.

டப்பாவிலும் திரையிலும் ஒரே எண்!

மேனேஜர் சீட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "மண்டோர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "படம் இருக்கட்டும் லா" என்றார்.

மழைக்கோட்டை மாட்டும்போது சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "இந்த ஒரு வாரமா முருகன்கிட்ட அப்படி என்னதான் வேண்டுனீங்க, வேலை போகக் கூடாதுன்னா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. மழையில மோட்டார்ல வர்ற புள்ள, பத்திரமா வீடு போய்ச் சேரணும்னுதான்."

என் விருந்தாளியை வாரம் முழுக்கத் தூங்க வைத்தது எனக்கான வேண்டுதல்தான்!