மஞ்சள் குடைக்காரிக்குப் போட்ட பாட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மைத்துனர் என் போனுக்கு ஒரு பாட்டு அனுப்பினார். சாக்சபோன் இரண்டு தரம் ஊதியதுமே, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றுவிட்டது. எனக்குக் காது சுட்டது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்கிறோம்.

அது கண்டியில் இருந்த ஒரு பேண்டின் பாட்டு. கிளப்புகளில் ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு வாசித்தவர்கள், ஏதோ ஆசையில் தமிழிலும் நாலைந்து ரெக்கோட் போட்டார்கள். அக்கார்டியனும் பொங்கோவும் சேர்ந்தால் சும்மா நிற்கிறவன் காலும் ஆடும். வரிகள்தான் வில்லங்கம்.

“தரகர் பார்த்த மாப்பிள்ளைக்குத் தங்கச்சியக் கட்டி வை, தனியா நான் போகமாட்டேன், டிக்கட்டு ரெண்டு எடுத்து வை.”

என் மகள் கேட்டுவிட்டு, இதில் என்ன கெட்ட வார்த்தை இருக்கிறது என்கிறாள். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஒரு பெண் தன் அம்மாவுக்கு உத்தரவு போடுகிறாள். அந்தக் காலத்துக்கு அதுவே போதும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் விரும்பியவனோடு பஸ் ஏறிப் போனபோது, பழி இந்தப் பாட்டின் மேல்தான் விழுந்தது. இனி இதைத் தோட்டத்தில் போடக்கூடாது என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது.

கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் கட்ட கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன் வருவார்; நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ரெக்கோட் சுற்றும் பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் பிஸ்கட் டின் ஒன்று வைப்பார். வேண்டிய பாட்டைக் காகிதத் துண்டில் எழுதி அதில் போடலாம். இன்னார் இன்னாருக்கு அன்பளிப்பு என்று மைக்கில் வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெண் பிள்ளைகள் எதிரே வந்தால் கொழுந்துச் செடிக்குள் இறங்கிப் போகிறவன். ஆனாலும் ஒரு கல்யாணத்தில், பகல் சாப்பாட்டு நேரத்தில், எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. அந்தப் பாட்டை எழுதி, “மஞ்சள் குடைக்காரிக்கு” என்று மட்டும் போட்டேன். என் பெயர் எழுதவில்லை. டின்னைச் சுற்றிக் கூட்டம் நின்றதால் யாரும் கவனிக்கவும் இல்லை.

மஞ்சள் குடை அங்கே ஒன்றுதான் இருந்தது. அதை வைத்திருந்தவள் கமிட்டித் தலைவரின் மகள்.

நானாவுக்குக் கமிட்டியின் தடையும் தெரியாது, குடை யாருடையது என்றும் தெரியாது. வாசித்தார், போட்டார். முதல் சரணம் முடியும் முன்னே தலைவர் வந்து ரெக்கோட்டைப் பிடுங்கி முழங்காலில் வைத்து உடைத்தார். துண்டு எங்கே என்று கேட்டார். கையெழுத்தைப் பார்த்தால் பிடித்துவிடுவார். நான் வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். நானா ஒன்றும் அவசரப்படாமல், கையிலிருந்த துண்டை மடித்து வாயிலிருந்த வெற்றிலையோடு சேர்த்து மென்றார்.

“துண்டும் இல்ல, ஒண்டும் இல்ல தலைவர். பகிடிக்கு, சும்மா சிரிக்க, நான்தான் சொன்னேன்.”

அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு எங்கள் தோட்டத்துக்கு அவரைக் கூப்பிடவே இல்லை. நான் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து என் வீட்டார் முறைப்படி போய்ப் பெண் கேட்டார்கள். வாயில்லாத பையன், வம்புதும்புக்குப் போகமாட்டான் என்று சொல்லித் தலைவர் மகளைத் தந்தார். துண்டு எழுதியது யார் என்று அவளுக்கு மட்டும் அன்றே தெரியும். அவ்வளவு பேரில் நான் ஒருவன்தான் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

மாமனார் இருந்தவரை இதைப் பேச முடியவில்லை. அவர் போன வருடம் தவறிவிட்டார். பாட்டைக் கேட்ட அன்று மனைவி சொன்னாள்: “அந்த நானா இருக்காரான்னு பாருங்க. அவரும் போயிட்டா யார்கிட்ட போய் சொல்லுவீங்க?”

பல்லேகலயில் என்னோடு வேலை செய்கிற கட்டுகஸ்தோட்டைக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். நானா இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, திரீவீல்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே வீடு. பஸ்ஸில் போகும்போது, நீயே சொல்லிவிடேன் என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். “நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி இருக்கும்,” என்றாள்.

நானாவின் மகள் கதவைத் திறந்து எங்களை உட்கார வைத்தார். “சத்தமாப் பேசுங்க. ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே இருந்து இருந்து வாப்பாக்குக் காது போயிட்டு.”

என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசியதே கிடையாது. மெல்லத் தொடங்கினேன். நானா கையைக் காதில் வைத்தார். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கடைசியில், “மஞ்சள் குடைத் துண்டை எழுதினது நான்தான்!” என்று நான் கத்தியதும் வெளியே இருந்த திரீவீல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நானா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அது நீங்களா? நான் லொறி டிரைவர்ட மகன்னு நெனச்சேன். இத்தன வருஷமா அவனக் கண்டா கண்ணடிப்பேன். அவன் மொறச்சிட்டுப் போவான்.”

யார் என்றே தெரியாமலா துண்டை மென்றீர்கள் என்று அதே சத்தத்தில் கேட்டேன்.

“ஆரா இருந்தா என்ன? பாட்டுக் கேட்டவனுக்கு அடி விழுந்தா, பொறகு ஆரு எங்கிட்ட பாட்டுக் கேப்பான்?”

மனைவி போனை அவர் காதோடு வைத்துப் பாட்டைப் போட்டாள். எவ்வளவு கேட்டதோ தெரியாது. உட்கார்ந்திருந்த கதிரையின் கையில் அவர் விரல்கள் தாளம் போட்டன. பாட்டு முடிந்தபோது, நான் முன்னால் குனிந்து, நன்றி நானா என்றேன்.

கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். உரக்கச் சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை என்றார். கதவோரம் நின்ற மகள், வாப்பாவுக்கு முதல் தரமே கேட்டுவிட்டது என்று சிரித்தார்.

நான் எழுந்து நின்று மூன்றாம் தரமும் சொன்னேன்.