யாருடைய கவனயீனம்

என்னை மாடுகள் மிதித்துவிடாமல் காப்பாற்றிய ஒரு மனிதரை, நான் பொய் சொல்லிக் குற்றவாளி ஆக்கினேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேராகச் சொல்லவும் முடியாமல், காலையிலிருந்து மேசைக்கு முன்னால் இருப்பதும் எழுந்து வேலி வரைக்கும் போய் வருவதுமாக இருக்கிறேன். படித்த மனிதன், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவன், நாலு வசனம் எழுத இவ்வளவு பாடுபடுகிறேன்.

சவாரி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது மாட்டுவண்டில் ஓட்டத்தை. நெல் வெட்டி முடிந்து வயல்கள் காய்ந்ததும், மருதனார்மடத்துக்கு அப்பால் இருந்த ஒரு தரவையில் சனம் கூடும். தரவை என்றால் புல்லும் உவர்மண்ணுமான வெட்டவெளி. அதன் நடுவே சாம்பலால் நீளமாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வண்டில். கோட்டைத் தாண்டி மற்றவன் பக்கம் போனால் தோல்வி. தாண்டியதால் மாட்டுக்கோ ஆளுக்கோ காயம் என்றால் சவாரிச் சபை விசாரிக்கும். எங்கள் சபை போலீசு, நீதிமன்றம் என்று போகாது. தரவை ஓரத்து வாகை மரத்தின் கீழேயே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் அந்தத் தீர்ப்பை ஒருவரும் மீறியதில்லை. சபைக்குத் தலைவர் எங்கள் ஊர் விதானையார், அரசாங்கம் வைத்த கிராமத் தலைவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில் என்னையும் சபையில் சேர்த்தார்கள். ஓட்டத்தின் நடு இடத்தில் ஓரமாக நின்று, கோடு மீறப்படுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சவாரி மாடுகளைப் பழக்கும்போது, முடிவிடத்தில் ஒருவர் வெள்ளைத் துணியை வீசிக்கொண்டு நிற்பார். மாடு ஓடி வந்ததும் ஊறவைத்த பருத்திக்கொட்டையை வாயில் வைப்பார். நாளடைவில் வெள்ளைத் துணி அசைவதைக் கண்டால் போதும், மாடு அதை நோக்கியே இழுக்கும். ஆகவே இடையில் நிற்கிறவர்கள் எவரும் சால்வையைத் தோளில் போடக்கூடாது. அரையில் சுற்றி இறுக்கிக் கட்டவேண்டும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அரையில் சால்வை கட்டுவது சுவாமிக்கு முன்னால். அல்லது எளியவர்கள் பெரிய மனிதருக்கு முன்னால். வண்டில் ஓட்டுகிறவர்களுக்கு முன்னால், இடுப்பில் சால்வையோடு நான் நிற்பதா? என்னிடம் படித்தவர்களின் தகப்பன்மாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். புதுச் சால்வை வேறு. கரை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். காற்று வந்தால் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கோட்டுக்கு நான் நின்ற பக்கத்து வண்டிலை ஓட்டியவர் கொடிகாமத்தைச் சேர்ந்தவர். எல்லாரும் அவரைக் கொடிகாமத்தான் என்றே கூப்பிட்டார்கள். அவருக்குச் சொந்தமாக மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் அவரைத் தேடிவந்து தங்கள் சோடியைக் கொடுத்து ஓட்டச் சொல்வார்கள். பிழைப்பும் அதுதான், பெயரும் அதுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டியவர் சுருட்டுக்கொட்டில் வைத்திருந்த ஒரு முதலாளி. பணக்காரர், வாய்க்காரர், ஆனால் மாட்டின்மேல் உயிரை வைத்திருந்தவர்.

வண்டில்கள் வெளிக்கிட்டு வந்தன. புழுதி வந்தது, புழுதிக்கு முன்னால் கொம்புகள் வந்தன. சோளகக் காற்று ஒரு வீச்சு வீசியது. சால்வை என் தோளை விட்டு எழும்பி விரிந்தது. ஒரு முனையைத்தான் என்னால் பிடிக்க முடிந்தது. மறுமுனை என் தலைக்கு மேலே படபடத்தது. கொடிகாமத்தாரின் மாடுகள் இரண்டும் அதைக் கண்டன. என்னை நோக்கித் திரும்பின.

நான் ஓடவில்லை. கால் வரவில்லை. மாட்டின் மூச்சுச் சூடு நெஞ்சில் பட்டது என்று இத்தனை நாளும் நினைத்து வருகிறேன். அது உண்மையோ தெரியாது. அவர் கயிற்றில் தொங்கியபடி பின்னால் சாய்ந்து, முழுப் பலத்தோடும் மறுபக்கம் இழுத்ததைக் கண்டேன். மாடுகள் என்னை விட்டு வெட்டித் திரும்பின. திரும்பிய வேகத்தில் கோட்டைத் தாண்டின. வண்டில்களின் சில்லோடு சில்லுக் கொளுவியது. முதலாளியின் மாடுகளில் ஒன்று முன்னங்கால் மடிந்து விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத என்னால் முடியாது.

சனம் விழுந்த மாட்டை நோக்கி ஓடியது. அந்தப் புழுதிக்குள் நான் செய்த காரியம் ஒன்றே ஒன்று: சால்வையைச் சுருட்டி அரையில் கட்டினேன். யோசித்துக் கட்டினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் முடிச்சை இறுக்கும்போது எதற்காக இறுக்குகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வாகை மரத்தின் கீழே விசாரணை நடந்தது. கொடிகாமத்தாருக்கு முழங்கை உரிந்து இரத்தம் ஒழுகியது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

"ஏன்ரா கோட்டைத் தாண்டினனீ?" என்று விதானையார் கேட்டார்.

"மாஸ்ரரின்ரை சால்வை பறந்ததுங்கோ. மாடு அதைக் கண்டு அங்காலை இழுத்திட்டுது. ஆளை மிதிச்சுப்போடும் எண்டு இங்காலை வெட்டினன்."

முதலாளிக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "பறந்தது சால்வையோ, உன்ரை புத்தியோ? விடியவே கள்ளுக்கொட்டிலுக்குப் போட்டு வந்தனியோ?"

சிலர் சிரித்தார்கள். கொடிகாமத்தார் என்னைத்தான் பார்த்தார். கோபமாக அல்ல, நான் இப்போது சொல்லிவிடுவேன், விஷயம் முடிந்துவிடும் என்று காத்திருக்கிறவரைப்போல.

விதானையார் என் பக்கம் திரும்பினார். "மாஸ்ரர், சால்வை எங்கை கிடந்தது?"

"அரையிலை" என்றேன். "இப்ப கிடக்கிற மாதிரித்தான்."

எல்லாரும் என் அரையைப் பார்த்தார்கள். அங்கே இருந்தது. நடுவில் என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. சனம் தொடக்கத்திலும் முடிவிடத்திலும்தான் கூடி நின்றது; அங்கிருந்தவர்களுக்குப் புழுதிதான் தெரிந்திருந்தது.

விதானையார் தாடையைத் தடவினார். "வேணுமெண்டு செய்தவன் எண்டு சொல்லேலாது. குடிச்சிட்டு ஓட்டினவன் எண்டும் சொல்லேலாது. இதுக்கு ஒரு நல்ல சொல்லுச் சொல்லுங்கோ, மாஸ்ரர்."

நான் சொன்னேன்: "கவனயீனம்."

"அதுதான். கவனயீனமா ஓட்டினவன். இனி இந்தத் தரவையிலை நுகத்திலை கை வைக்கக்கூடாது."

கொடிகாமத்தார் தன் சால்வையைத் தேடினார். அது எங்கோ விழுந்துவிட்டது. வெறும் கையைக் கூப்பிவிட்டுப் போனார். முதலாளியின் மாடு கொட்டிலில் படுத்தபடியே கிடந்து செத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தச் சொல் என்னைவிட வேகமாக ஊர் சுற்றியது. படித்த சொல் என்பதால் சனத்துக்கு அதில் ஒரு ருசி. சந்தையிலே, தேத்தண்ணிக் கடையிலே, அவரைக் கண்டால் "கவனயீனம் வாறார், சில்லுக்கு ஒதுங்குங்கோ" என்றார்கள். தரவையில் தடை என்றால் தரவையோடு நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நிற்கவில்லை. மரக்கறி ஏற்றுகிற வண்டிலுக்குக்கூட அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. கவனயீனமானவனிடம் எவன் மாட்டைக் கொடுப்பான்?

நான் சபையிலிருந்து விலகினேன். பள்ளிக்கூட வேலை என்று காரணம் சொன்னேன். வகுப்பில் கதிரையில் இருக்க முடியவில்லை. நடந்து நடந்தே படிப்பித்தேன். சாப்பிட இருந்தால் பாதியில் எழும்பிவிடுவேன்.

"உங்கடை காலிலை என்ன, சில்லோ பூட்டிக் கிடக்கு?" என்று மனைவி கேட்டாள். "ஒரு இடத்திலை இருந்து சாப்பிடுங்கோவன்."

அவளுக்கு நான் சொல்லவில்லை. றோட்டில் வண்டில் சத்தம் கேட்டால் வாசல் படலைக்குப் போய் எட்டிப் பார்ப்பேன். யாரை எதிர்பார்த்தேனோ தெரியாது. வண்டில் போய்விடும். திரும்பி வந்து இருப்பேன், மறுபடி எழும்புவேன். இப்படியே வருடங்கள் போயின.

உலக யுத்தம் வந்தது. பெற்றோல் இல்லாமல் லொறிகள் நின்றன; வண்டில்களுக்கு மறுபடி மதிப்பு வந்தது. மாடு ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டபோது, கொடிகாமத்தாரையும் யாராவது கூப்பிட்டிருப்பார்கள், என் பாரம் தன்பாட்டில் கழிந்திருக்கும் என்று ஒரு கெட்ட நம்பிக்கை வந்தது. அதைப் பார்த்துவரத்தான் றெயில் ஏறிக் கொடிகாமம் போனேன்.

அவர் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வரிசையாக நின்ற வண்டில்களுக்கு மூட்டைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு, வேறு ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த சாக்கை, சால்வையை எடுப்பதுபோல எடுத்தார்.

"மாஸ்ரரோ? சுகமா இருக்கிறியளோ?"

அதுவரை அவரை நீ என்றே கதைத்தவன் நான். அன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்" என்றேன்.

"ஓம். அது எனக்குத் தெரியுந்தானே."

"சபையிலை போய்ச் சொல்லப்போறன். தீர்ப்பை மாத்தச் சொல்லப்போறன்."

அவர் வண்டில் மாடுகளைப் பார்த்தார். பிறகு, "மாத்தினால் எனக்கு ஒரு சோடி தருவினமோ?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். என் மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

விதானையாரிடம் போனேன். அவருக்கு வயது போயிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "மாஸ்ரர், அந்தக் கதையை இப்ப கிளறி என்ன? ஒரு தீர்ப்பு ஆடினால் மற்றதெல்லாம் ஆடும். வீட்டை போய்ப் படுங்கோ" என்றார்.

படுக்கவில்லை. அடுத்த சவாரிக்குப் போனேன். கொடிகாமத்தாரையும் வரச்சொல்லியிருந்தேன். ஓட்டம் தொடங்க முன்னர், எல்லாருக்கும் கேட்கும்படி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். சால்வை தோளில் கிடந்தது என்றேன். ஏன் தோளில் போட்டேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கும் என்று பயந்திருந்தேன், நடுங்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சுருட்டுக்கொட்டில் முதலாளிதான் முதலில் வாய் திறந்தார்.

"மாஸ்ரர் அண்டைக்குச் சொன்னது பொய்யெண்டால், இண்டைக்குச் சொல்லுறது மெய்யெண்டு என்னெண்டு நம்புறது?"

சிரிப்பு எழுந்தது. அவர் கையை உயர்த்தினார். "சரி, சரி. தடையை எடுங்கோ. என்ரை சோடியையே தாறன். ஒருக்கா ஓடிக் காட்டட்டும். கை சொல்லுமெல்லோ."

சபை ஒத்துக்கொண்டது. நான் மகிழ்ந்தேன். யோசித்திருக்க வேண்டும். பழக்கமில்லாத மாடு, வருடக்கணக்காக நுகம் தொடாத கை, அதோடு அத்தனை கண்கள். கொடிகாமத்தார் மாடுகளின் நெற்றியைத் தடவி, நுகத்தைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினார். அவருடைய முகத்தை அப்படி நான் முன்னர் கண்டதில்லை. இளந்தாரியின் முகம்போல இருந்தது.

வெளிக்கிட்டதும் அவர்தான் முன்னுக்கு வந்தார். என் பக்கத்தில் நின்றவர்கள்கூட "விடு, விடு" என்று கத்தினார்கள். நடு இடம் வந்தது. அங்கே நின்றவர் சபை சொன்னபடியே சால்வையை இறுக்கிக் கட்டியிருந்தார், அசையவும் இல்லை. ஆனால் கொடிகாமத்தார் அவரைப் பார்த்தார். கயிற்றை இழுத்தார். மாடுகள் தலையைத் தூக்கித் தடுமாறி, கோட்டை மிதித்துக்கொண்டு நின்றுவிட்டன. மற்ற வண்டில் கடந்து போனது. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை.

"அண்டைக்கும் உப்பிடித்தான் ஓட்டியிருப்பான்" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார்.

"மாஸ்ரர் பாவம் பாத்து, பழியைத் தன்ரை தலையிலை போட்டிருக்கிறார்" என்றார் இன்னொருவர். "பெரிய மனிசன்."

நான் திரும்பி, அப்படியில்லை, நான் சொன்னது உண்மை என்றேன். அவர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவுக்கு நல்லவன் ஆனேன். தடையை மறுபடி போடவேண்டிய தேவையே சபைக்கு இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் கயிற்றைக் கொடுக்க ஒருவரும் இல்லை. முன்னர் தீர்ப்பைச் சந்தேகித்து அவருக்காகக் கதைத்த ஒன்றிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சில கிழமை கழித்து மறுபடி கொடிகாமம் போனேன். அவர் ஸ்டேசனில், கொழும்புக்குப் போகிற தேங்காய் மூட்டைகளோடு நின்றார்.

"நடுவிலை ஆளைக் கண்டனான், மாஸ்ரர்" என்று அவராகவே சொன்னார். "கை தன்பாட்டிலை இழுத்துப்போட்டுது. நான் இழுக்கேல்லை."

"நான் இன்னொருக்கா சபையிலை கதைக்கிறன். பழகாத மாடு எண்டு சொல்லுறன். உங்கடை கைக்கு ஏத்த ஒரு சோடி கேட்டு—"

"வேண்டாம்." சத்தம் போடாமல்தான் சொன்னார். "முந்தியெண்டால், மாஸ்ரர் பொய் சொன்னவர், நான் நல்லா ஓட்டினனான் எண்டு என்ரை மனதுக்குள்ளையாவது கிடந்தது. இப்ப அதுகும் வடிவாத் தெரியேல்லை. இனி எனக்காக ஒரு இடத்திலையும் கதையாதேங்கோ."

தூரத்தில் றெயில் ஊதியது. அவர் குனிந்து ஒரு மூட்டையைத் தோளுக்கு எடுத்தார்.

"கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ, மாஸ்ரர். றெயில் பெட்டி வந்து நிக்கிற இடம்."

நான் அங்காலே போய் நின்றேன்.