சட்டத்தில் நான் தட்டாத இடம்

மறைமலைநகரில் பிரேக் லைனிங் செய்யும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஆள்குறைப்பில் வெளியே வந்த பிறகு, மெக்கானிக்கான என் மனைவியின் அண்ணனோடு சேர்ந்து பழைய கார்களைப் பழுதுபார்க்கப் போனேன். இன்ஜின் அவர் பொறுப்பு, பிரேக் என் பொறுப்பு.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் அந்தக் கார் நின்றிருந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த சொகுசுக் கார். மகள் கல்யாணத்தன்று பெண்ணை அதில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார் வீட்டுக்காரர்.

அப்படி ஒரு வண்டியை நான் அதற்கு முன் தொட்டதில்லை. பானெட்டில் கை வைத்துப் பார்த்தால்தான் அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் ஓடுகிறது என்றே தெரியும். பிரேக்தான் என்னை மயக்கியது. கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, வண்டி ஓடும்போது கூடவே சுற்றும். பெடலை மிதித்தால் இன்னொரு தட்டு போய் அதில் உரசும். அந்தச் சுழற்சியின் பலமே பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். ஓட்டுகிறவர் காலை லேசாக அழுத்தினால் போதும், மீதியை வண்டியின் வேகமே பார்த்துக்கொள்ளும். அந்தத் தட்டுக்கான லைனிங்கை மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். வேலை போன பிறகு, நானும் ஒரு ஆள்தான் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

ஆனால் அத்தனை கனத்தையும் தாங்குவது அடியில் ஓடும் இரும்புச் சட்டம். வருஷக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்த சட்டம். யாரோ அதன்மேல் கறுப்பாகத் தார் பூசியிருந்ததால் புதுசு போலத் தெரிந்தது. ஜாக்கி வைக்கும் இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருவேறியது பொத்தென்று கேட்கும். மூன்று மூலைகளில் கணீரென்றது. நான்காவது மூலை சுவரை ஒட்டி இருந்தது. பிறகு வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தபோதாவது தட்டியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அலட்சியம்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தபோது, பின்பக்க பிரேக்குக்குப் போகும் கம்பியை இறுக்க வேண்டியிருந்தது. ஒரு பின்சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்டுகள் புதுப்பட்டினத்தில் எங்கள் ஷெட்டில் கிடந்தன.

“போய் எடுத்தாந்துடறேன், மச்சான்.”

“இன்னாத்துக்கு? அஞ்சு நிமிச வேல. தூக்கு மாப்ள.”

அந்த நான்காவது மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் என் வேலைதான் என்றாலும் அவரே அடியில் நுழைந்தார். ஸ்பானர் கேட்டார், கொடுத்தேன். அட்டைப்பெட்டி நசுங்குவது போல ஒரு சத்தம். ஜாக்கி சட்டத்தைப் பொத்துக்கொண்டு உள்ளே போனது. வண்டி அவர் இடுப்பின் மேல் இறங்கியது. அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் ஓடிவந்து கையாலேயே வண்டியைத் தூக்கினார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

வீட்டுக்காரர் ஒரு முறை வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கல்யாணம் நல்லபடி முடிந்தது என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை, எங்கள் வீட்டில் மச்சானுக்கு முகம் மழித்துவிடும்போது சொன்னேன்.

“அந்த எடத்த நான் தட்டிப் பாக்கல, மச்சான்.”

“தெரியும். மூணு தபாதான் சத்தம் கேட்டுச்சு. நானும் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேக்கல. வுடு. கன்னத்துல சோப்பு காயுது பாரு.”

அடுப்படியிலிருந்த என் மனைவி அத்தனையும் கேட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது, “அண்ணன் மன்னிச்சிருக்கும். என்னால முடியல,” என்றாள்.

இப்போது ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறேன். பஸ் வருவதற்கு முன் மச்சானைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வருகிறார். தூக்குவது சுலபமாகிவிட்டது.