துழாவும் கை

சலூன்கடைக்காரர் போனில் சூதாடுவதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தான் உண்டு, தன் கத்திரி உண்டு என்று இருக்கிறார். "மனுஷன் திருந்திட்டாரு" என்று தெருவே வாய்நிறையச் சொன்னது. அவர் மனைவிக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. அவள் வெளியே போன நேரம் பார்த்து அவளுடைய தையல் மெஷினைத் தூக்கி விற்றவர் அவர். அன்றிலிருந்து அவள் யாரோ ஒருவர் கடையில் பட்டன் தைக்கிறாள்.

சூதாட்டத்தால் நொந்த குடும்பங்களுக்காக ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் நடக்கும். ஒரு ஞாயிறன்றுதான் அவள் அங்கே முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அவரு விட்டுட்டாருங்க. என்னாலதான் விட முடியல. பணமோ இன்னொரு போனோ இருக்கான்னு தினமும் அவர் சட்டைப் பையைத் துழாவுறேன். ஒண்ணும் இருக்காது. அப்போ வேற எங்கயோ ஒளிச்சிருக்காருன்னு தோணுது."

"அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார் கூட்டம் நடத்தும் நர்ஸ்.

"சொன்னேன். நல்லா தேடிக்கோ, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்னாரு. மெஷினை விக்கிறதுக்கு முந்தின நாளும் இப்படித்தாங்க தன்மையாப் பேசினாரு."



வீட்டுக்கு வந்ததும், அவர் குளிக்கப் போகும்வரை காத்திருந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தாள். பையில் முடித் துணுக்குகள்தான் இருந்தன. சோப்பை மறந்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து, வாசற்படியில் அப்படியே நின்றார். பிறகு கொடியில் கிடந்த தன் பேன்ட்டை எடுத்து நீட்டினார்.

"இதையும் பாத்துடு."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். கை அதை வாங்கி, பைக்குள் நுழைந்துவிட்டது.