கை பிடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கர்நாடகக் கடற்கரையில், குந்தாப்புராவில். ஆறு கடலோடு கலக்கிற முகத்துவாரத்தில், ஒரு சின்ன ஃபைபர் படகில். தலையில் தொப்பி, உடம்பில் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட், கையில் தூண்டில். மீன் கடையில் செதில் எடுக்கும்போதே இரண்டடி தள்ளி நிற்கிற ஆள் நான் என்பது இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். எனக்கு ஏன் இந்த வேலை?

எல்லாம் மாமாவுக்காக.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பெங்களூர் அல்சூர் வீட்டிலிருந்து குடியாத்தத்துக்கு அக்காவைக் கல்யாணம் செய்து கூட்டிப்போனவர். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பம் ஏறி முப்பது வருஷம் வேலை பார்த்த கை அது, ஒன்றைப் பிடித்தால் லேசில் விடாது. பஸ்ஸில் மேல்கம்பியை அவர் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் கம்பிக்கு வலிக்குமோ என்று தோன்றும். ஞாயிறு வந்தால் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காருவார். அவருக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான்.

போன வருஷம் பெங்களூர் ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு மாமா தூண்டிலைத் தொடவில்லை. மகன் அவரைத் தன்னோடு, ஓசூர் தாண்டியதும் வருகிற அத்திபெலேக்கு அழைத்து வந்துவிட்டான். அங்கே மளிகைக்கடை, சலூன், டீக்கடை எங்கே போனாலும் தமிழ்தான். அதனால் ஒரு வருஷமாகக் கர்நாடகத்தில் இருந்தும் மாமாவின் கன்னடம் 'ஊட்டா ஆய்தா', அதாவது சாப்பாடு ஆச்சா, என்கிற இடத்திலேயே நின்றுவிட்டது.

மகன்தான் இந்தப் படகைப் பிடித்தான். சார்ட்டர் என்று சொல்கிறார்கள்... படகு, தூண்டில், இரை, கூடவே ஒரு கைடு, எல்லாம் அரை நாளைக்கு நமக்கே நமக்கு. கடைசி நேரத்தில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க கூட்டினு போங்களேன், அப்பா யார்கிட்டயும் பேசறதே இல்ல" என்று எனக்குப் போன் செய்தான்.

யாரிடமும் பேசுவதில்லை என்பது முழு உண்மை இல்லை. மாமா ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசுவார். யார் துக்கம் விசாரிக்க வந்தாலும் அதைத்தான் சொல்வார். முகத்துவாரத்துக்குப் போகிற வழியில், படகின் இன்ஜின் சத்தத்துக்கு மேலே, எனக்கும் இன்னொரு முறை சொன்னார்.

"ஐ.சி.யூ.ல அஞ்சு நிமிஷம்தான் உடுவாங்க மச்சான். அன்னிக்கி சாயங்காலம் நான் உள்ள போயி உங்க அக்கா கையப் புடிச்சேன். ஜில்லுனு இருந்திச்சி. ஒரு நர்ஸு வந்துச்சி, சின்னப் பொண்ணு. 'கை பிடி அங்கிள், கை பிடி'ன்னுச்சி. நம்மள மாதிரி 'புடி'ன்னு இல்ல. புஸ்தகத்துல எழுதிக்கிறாப்ல சுத்தமா 'பிடி'! இத்தினிக்கூண்டு பொண்ணு நம்மள ஒருமையில சொல்லுதேன்னு எனக்குக் கோவமே வரல மச்சான். இன்னும் கெட்டியாப் புடிச்சிக்கினேன். மூணு தடவ சொல்லிச்சி. அப்புறம் போயி ஒரு ஸ்டூல் கொண்டாந்து போட்டுச்சி. உக்காந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். என் கையிலயே போயிட்டா."

இந்த இடத்தில் எப்போதும் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். அன்றும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு மட்டும் சொல்லலன்னா, அஞ்சு நிமிஷத்துல நான் வெளிய வந்திருப்பேன்."

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் மாமாவுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு மணி நேரம்தான். மற்றதெல்லாம் ஞாபகம் வந்தால் அழுகிறார். இது ஞாபகம் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறார். 'கடைசியில பக்கத்துல இருந்தேன், இருக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னாங்க' என்கிற நினைப்பில்தான் மனுஷர் காலையில் எழுந்து பல் தேய்க்கிறார்.

நான் இந்தக் கதையை ஒரு இருபது தடவையாவது கேட்டிருப்பேன். எதுவும் தோன்றியதில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற நர்ஸ் என்ன அதிசயமா?

எங்கள் கைடு பெயர் மஞ்சுநாத். நாற்பது வயது இருக்கும். தண்ணீரைப் பார்த்தே கீழே மணலா, பாறையா என்று சொல்கிறார். அலையாத்தி மரங்களின் வேர் தண்ணீருக்குள் இறங்குகிற இடமாகப் பார்த்து இன்ஜினை அணைத்தார். உயிரோடு ஒரு இறாலைத் தூண்டிலில் மாட்டி மாமாவிடம் கொடுத்தார். மாமா ராடை வாங்கிய விதத்தைப் பார்த்ததுமே, "இவ்ரிகே கொத்து" என்றார் என்னிடம். இவருக்கு வேலை தெரியும் என்று அர்த்தம். மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமா லேசாகச் சிரித்தார். ஒரு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

நான் மொழிபெயர்த்தேன் என்பதைக் கவனித்தீர்களா? என் கன்னடத்தில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். ஆட்டோக்காரர் என்னைத் தமிழன் என்று கண்டுபிடிக்க முடியாது. அன்று படகிலும் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து துபாஷி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று மாமாவின் ராடு வில்லாக வளைந்தது. ரீல் கிரீச்சிட்டது. பெரிய மீன். நூலை இழுத்துக்கொண்டு கடல் பக்கமாக ஓடியது.

"பிடி சார், பிடி! பிடி!" என்று கத்தினார் மஞ்சுநாத்.

மாமா பிடித்தார். லைன்மேன் பிடி. ரீலையே உள்ளங்கையால் அமுக்கி ஒரு அங்குலம் நூல் போகாமல் நிறுத்தினார். மஞ்சுநாத் இன்னும் உரக்கக் கத்தினார். மாமா இன்னும் அமுக்கினார். 'டப்' என்று ஒரு சத்தம். நூல் அறுந்து மாமா படகின் தரையில் போய் உட்கார்ந்தார்.

மஞ்சுநாத் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "யாக்கே சார்? நானு பிடி அந்த்ரே இவ்ரு ஹிட்கொள்த்தாரே?"

நான் சிரித்துவிட்டேன். பெங்களூர்த் தமிழர்களின் ஆதிகாலத்து ஜோக் ஆயிற்றே! "மாமா, கன்னடத்துல 'பிடி'ன்னா விடுங்கன்னு அர்த்தம். நம்ம 'புடி'க்கு அங்க 'ஹிடி'ம்பாங்க. அவரு விடுங்க, விடுங்கன்னு கத்தறாரு, நீங்க இன்னும் கெட்டியா புடிக்கிறீங்க! அது ஒருமைகூட இல்ல மாமா, அங்க அது மரியாதை..."

மரியாதை என்று சொல்லும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

சின்னப் பொண்ணு. ஒருமையில சொல்லுதேன்னு. புஸ்தகத்துல எழுதிக்கிறாப்ல. மூணு தடவ.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை. தரையில் உட்கார்ந்திருந்த மாமா என்னையே பார்த்தார். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கை மெதுவாக மடங்கியது.

"அப்போ அந்தப் பொண்ணு..." என்றார்.

"இல்ல மாமா. அது தமிழ்ப் பொண்ணா இருக்கும். பெங்களூர்ல பாதி நர்ஸுங்க தமிழ்தான்..."

"உடு மச்சான்."

அவ்வளவுதான். எழுந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு வருஷமாக ஒரு மனுஷர் சாய்ந்துகொண்டிருந்த சுவரை, மேதாவித்தனம் காட்டப் போய் நான் இடித்துவிட்டேன். தண்ணீரில் குதித்துவிடலாம் போலிருந்தது. நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம். விவரம் தெரியாத மஞ்சுநாத், மீன் போன வருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு இறாலை மாட்டிக் கொடுத்தார். மாமா மறுக்கவில்லை. வாங்கி வீசினார்.

வெயில் ஏறிய பிறகு இரண்டாவது மீன் கடித்தது. "பிடி, பிடி, ஓட்லி!" என்றார் மஞ்சுநாத். மாமா இந்த முறை ரீலில் கை வைக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டார். அது ஓடியது. நின்றபோது சுற்றினார். மறுபடி ஓடியது, மறுபடி விட்டார். இப்படியே ஒரு கால் மணி நேரம். கடைசியில் படகோரத்தில் வெள்ளி மாதிரிப் பளபளத்துக்கொண்டு வந்து சேர்ந்தது ஒரு கொடுவா. என் கை நீளம் இருக்கும்.

மஞ்சுநாத் அதைப் படகில் ஏற்றவில்லை. கொடுவாவில் இவ்வளவு பெரியது எல்லாம் பெண்தானாம். முட்டையிடுகிற மீனை எங்கள் படகில் வைத்துக்கொள்வதில்லை, திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். மாமா தலையாட்டினார்.

தூண்டில் முள்ளை எடுத்தாகிவிட்டது. ஆனால் மீன் களைத்துப்போயிருந்தது. தண்ணீரில் விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்தது. மஞ்சுநாத் மாமாவின் கையை இழுத்துத் தண்ணீருக்குள் வைத்து, ஒரு கையை மீனின் வாலுக்கும் இன்னொரு கையை வயிற்றுக்கும் கொடுத்தார். மாமா ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு, சரி, விடவேண்டியதுதானே என்று விரல்களைத் தளர்த்தினார்.

"பிட்பேடி! பிட்பேடி சார்!"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது என்னா?"

"விடாதீங்கங்கறாரு." மஞ்சுநாத் மேலே சொன்னதையும் மொழிபெயர்த்தேன். "இப்ப விட்டா கீழ போயி செத்துடுமாம். அதுவா போற வரைக்கும் புடிச்சிட்டு இருக்கணுமாம்."

"அதுவா போற வரைக்குமா?"

"ஆமா மாமா."

மாமா படகோரத்தில் வயிற்றைச் சாய்த்துக் குனிந்து, முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டுப் பிடித்துக்கொண்டார். செவுள் திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வால் ஒரு தடவை அசைந்தது. இன்னொரு தடவை. அப்புறம் மாமாவின் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது பாட்டுக்கு ஆழத்தில் இறங்கிப் போய்விட்டது.

மீன் போன பிறகும் மாமா கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"உடச் சொல்லிச்சி அந்தப் பொண்ணு. மூணு தடவ சொல்லியும் நான் உடல. செக்யூரிட்டியக் கூப்புட்டிருக்கலாம், இல்ல மச்சான்? டாக்டராண்ட சொல்லியிருக்கலாம். ஒண்ணும் பண்ணல. போயி ஸ்டூல் கொண்டாந்து போட்டுச்சி பாரு..."

மாமா கையை எடுத்து லுங்கியில் துடைத்தார். என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார்.

"நல்லவேள மச்சான். எனக்குக் கன்னடம் தெரியல."

படகு கரைக்குத் திரும்பியது. மாமா மஞ்சுநாத்திடம் ஜாடையிலேயே ஏதோ கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த முறை எந்த மாசம் வரலாம் என்று விசாரிக்கிறார் என்று புரிந்தது. அவர்களுக்குத் துபாஷி தேவைப்படவில்லை.

நான் பின்னால் உட்கார்ந்து அக்கா போன அந்த நாளை நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் இதுவரை சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அன்று காலை விசிட்டிங் நேரத்தில் அக்காவைப் பார்க்கப் போனவன் நான். நானும் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததுபோலக்கூட இருந்தது. காலை ஷிப்ட் நர்ஸ் வேறு ஒருவர். பக்கத்தில் வந்து, "டைம் ஆய்து சார், கை பிடி" என்றார்.

எனக்குத்தான் கன்னடம் நன்றாகத் தெரியுமே. முதல் தடவையிலேயே விட்டுவிட்டேன். தேங்க்ஸ் வேறு சொன்னேன்.