காணிவேல்

சித்தப்பாவின் வயலும் எங்கள் வயலும் ஒரே வாய்க்காலில் இருந்தன. அவருடையது வாய்க்காலின் தலைப்பில், எங்களுடையது கடைசியில். ஸ்கந்தபுரத்தில் அரசாங்கம் காணி பகிர்ந்தபோது எங்களுக்கான சீட்டை எடுத்தவர் அப்பாதான் என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. தண்ணீர் திறந்தால் சித்தப்பாவின் வயல் நிறைந்து வழிந்த பிறகு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். அவர் வீட்டில் பிள்ளைகள் இரண்டு, சைக்கிள் இரண்டு, பால் மாடு மூன்று. எங்கள் வீட்டில் நான், அப்பாவின் சைக்கிள், இரண்டு வருடமாகக் கன்று போடாத ஒரு மாடு. அந்த வயதிலேயே எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்தது. எண்ணியபோதெல்லாம் எங்கள் பக்கம்தான் குறைந்தது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், சித்தியின் தம்பி கொழும்பிலிருந்து வந்து நின்றார். அங்கே ஒரு கந்தோரில் அவருக்கு வேலை. திரும்பிப் போகிற நாளில் பஸ் மிதிபலகையில் நின்றபடி சொன்னார்:

"அக்கா, ஆவணி லீவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கானிவேல் நடக்கும். கட்டாயம் பாக்கோணும்."

பஸ் புறப்பட்டுவிட்டது. அது என்ன என்று கேட்க ஒருவருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கானிவேல் என்பது ராட்டினமும் சுற்றுகிற மரக்குதிரைகளும் வைத்த களியாட்டத் திடல் என்று எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. கொழும்பில் முருகனின் வேலைத் தேரில் வைத்து ஆடிவேல் விழா எடுப்பது எல்லோருக்கும் தெரியும். ஆடியில் ஒரு வேல் இருந்தால் ஆவணியில் இன்னொரு வேல் இருப்பதில் என்ன அதிசயம்? சித்தப்பா வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து விளக்கம் சொன்னார்.

"தம்பியன் கொழும்புக் கதை கதைச்சு நாக்கு மாறிப்போச்சு. அது கானி இல்லை, காணி. காணிவேல். எங்களைப் போல காணி எடுத்த சனத்துக்கெண்டு எடுக்கிற வேல்."

அம்மா தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். "அப்ப, கும்பிட்டால் காணி விளையுமோ?"

"பேரிலேயே கிடக்குதல்லோ, அண்ணி."

ஆடி பிறந்ததும் சித்தி பிள்ளைகளை ஆயத்தப்படுத்தத் தொடங்கினார். முதலில் மீன் நின்றது. மச்சச் சட்டிகளைச் சாம்பல் போட்டு மினுக்கி, கோழிக்கூட்டுக்கு மேல் கவிழ்த்து வைத்தார். பிள்ளைகளை விடியவே கிணற்றடியில் முழுகவார்த்து, நடுங்க நடுங்கத் தேவாரம் பாடமாக்க வைத்தார். மகளுக்குப் பட்டுப் பாவாடை, மகனுக்கு நாலு முழ வேட்டி. கோச்சி தண்டவாளத்தில் ஆடித் தலைசுற்றினால் மணக்க எலுமிச்சம்பழம். சன நெரிசலில் காணாமல் போனால் சொல்வதற்குத் தகப்பன் பெயர், மாமன் பெயர், ஊர்ப் பெயர். இதை அவர்கள் நாளுக்குப் பத்துத் தரம் ஒப்புவித்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட எனக்கும் பாடமாகிவிட்டது. காணாமல் போக நான் அவர்களைவிட நன்றாக ஆயத்தமாக இருந்தேன்.

சித்தப்பாவின் மகன் என் வயதுக்காரன். முந்தின நாள்வரை என்னோடு வாய்க்காலில் குதித்தவன், இப்போது கட்டுக்கு மேலே நின்று கை காட்டினான்.

"கிட்ட வராத. நீ மச்சம் தின்னிறனி."

"நானும் விரதம்தான்."

"ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு போகினம்? விரதம் பிடிச்சு என்ன செய்யப்போறாய்?"

அன்று மத்தியானம் அப்பா குளத்தில் பிடித்து வந்த யப்பான் மீன் குழம்பை நான் தள்ளி வைத்தேன். எனக்கு உயிர் அந்தக் குழம்பு. "காணிவேலுக்கு விரதம்" என்றேன். அப்பா முறைத்தார். அடுத்த நாள் எங்கள் மச்சச் சட்டியும் கவிழ்ந்தது. தன் பங்கையும் அம்மா விட்டுவிட்டார். கத்தரிக்காயும் பூசணியும் மாறி மாறி வந்தன. அப்பா மட்டும் தான் பிடித்த மீனை வெளியில் மூன்று கல் வைத்துத் தானே சுட்டுத் தின்றார்.

எனக்காக அம்மா விரதம் பிடிக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பின்னேரம் என்னையும் இழுத்துக்கொண்டு, ஒரு பிடி முருங்கைக்காயோடு சித்தியிடம் போனார்.

"இவனும் விரதமாயிருக்கிறான், தங்கச்சி. நீங்கள் போகேக்க இவனையும் கொண்டுபோனால், எங்கட வீட்டிலயிருந்தும் ஒராள் கும்பிட்டதாயிருக்கும்."

"எனக்கென்ன அக்கா, ஆசைதான். தம்பி இருக்கிறது ஒரு அறை. நாங்கள் நாலு பேர் படுத்தாலே கால் நீட்ட ஏலாது. வாற வருசம் பாப்பம்."

"ஓமோம், நீங்கள் போயிட்டு வாங்கோ."

வரம்பால் திரும்பி வரும்போது அம்மா எனக்கு முன்னால் நடந்துகொண்டே சொன்னார்: "தண்ணியும் முதல் அவையளுக்கு. இனி சாமியும் அவையளுக்கோ."

எனக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்தேன்.

அவர்கள் தேங்காய், கற்பூரம், வெற்றிலைக் கட்டோடு கோச்சி ஏறினார்கள். அந்தக் கிழமை முழுவதும் நான் அவர்களுக்கு வரக்கூடிய வருத்தங்களை, காய்ச்சல் முதல் கழிச்சல் வரை, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நல்ல சுகமாகத் திரும்பி வந்தார்கள்.

அம்மா கால் கழுவிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனார். நானும் போனேன். சித்தி விபூதிப் பொட்டலம் ஒன்றை நீட்டி, "நல்ல சனம் அக்கா" என்றார். அம்மா இரண்டு கையாலும் வாங்கினார்.

"தேர் பெரிசோ?"

சித்தி குசினிப் பக்கம் பார்த்தார். அவரின் மகள்தான் பதில் சொன்னாள்.

"தேரில்லை பெரியம்மா, குதிரை. மரத்தால செய்தது. ஏறியிருந்தால் சுத்தும். நான் மூண்டு தரம் ஏறினனான். அண்ணா வேட்டியோட ஏறித் தலைசுத்தி, வேட்டியெல்லாம் சத்தி எடுத்தவர்."

"சும்மா இரடி," என்றான் தமையன்.

"அம்மா வாசல்ல நிண்ட ஆளிட்ட சாமி எங்கயெண்டு கேட்டவா. அந்தாள் சிரிச்சவர். தேங்காயை மாமா வீட்டில சம்பல் போட்டவை."

சித்தப்பா அவசரமாகச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். அம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "பிள்ளையளுக்குக் களைப்பாயிருக்கும், படுக்க விடும்" என்று சொல்லிவிட்டு, அளந்து வைத்த நடையில் வீடு வந்தார். குசினிக் கதவைச் சாத்தியதும் நிலத்தில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு எழுந்து மச்சச் சட்டியை நிமிர்த்திக் கழுவினார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். மூன்று தரம். மரக்குதிரை. ஏறியிருந்தால் சுத்துமாம்.

அம்மா ஈரக்கையோடு வந்து என்னை இழுத்து மடியில் இருத்தினார்.

"எதுக்கடா அழுறாய்? சாமியில்லையடா. வேலுமில்லை, தேருமில்லை. வெறும் மரக்குதிரை."

அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை கூடியது. என்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்றும், தேற்றத் தெரியாத தாய் எனக்கு வாய்த்திருக்கிறார் என்றும் நினைத்தேன். அந்த வீட்டில் பொறாமைப்பட்டது நான் ஒருவன்தான் என்பது அன்றைக்கு என் கணக்கு.